மேட்டூரிலிருந்து கல்வடங்கம் வரை: காவிரிக் கரையில் ஒருநாள் சைக்கிள் சவாரி

சேலத்திலிருந்து அதிகாலையில் வேனில் மேட்டூருக்கு அழைத்துச் சென்று, அங்கே கையில் ஒரு சைக்கிளைக் கொடுத்து, காவிரியின் கிழக்குக் கரையை ஒட்டிய ஊர்ச் சாலைகள் வழியாகத் தேவூரை அடுத்த கல்வடங்கம் வரை மிதித்து வரச்செய்து, மாலையில் அதே வேனில் திரும்பவும் சேலத்தில் கொண்டுவந்து விடுகிற ஒருநாள் சேவை இது. டிசம்பர் முதல் வாரத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் என் அக்காவும் இதில் சென்று வந்தோம். ஆளுக்கு 1,600 ரூபாய் கட்டணம். சொந்த சைக்கிள் கொண்டுவருபவர்களுக்கு 1,100 ரூபாய். சைக்கிள், ஹெல்மெட், இரண்டு வேளை உணவு, படகுக் கட்டணம், வேன் எல்லாமே அதற்குள் அடக்கம். ஒரு பயணத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இதை நடத்துபவர்கள் இரண்டு இளைஞர்கள். நிறையோடு குறையும் எழுதவேண்டியிருப்பதாலும், அவர்கள் இப்போதுதான் காலூன்றி வருவதாலும் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். சேலத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

சேலத்தில் சைக்கிள் ஓட்டுவது என்றாலே ஏற்காடு ஏறுவது என்றுதான் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடிவாரத்துக்குப் போனால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனை நிமிடத்தில் கடந்தோம் என்று கணக்குப் பார்க்கும் இளைஞர் கூட்டத்தைக் காணலாம். அது நல்ல விஷயம்தான். ஆனால் ஐம்பதைக் கடந்தவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், பள்ளிப் பருவத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள் ஆகியோருக்கு இந்த ஊரில் யாரும் எதையும் ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை. என் அக்காவுக்கு வயது 57. அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர். திருமணத்துக்குப் பிறகு சைக்கிள் பக்கமே போனதில்லை. அவரால் 41 கிலோமீட்டர் ஓட்ட முடிந்தது என்பதும், மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போல வாசல் தெளித்துக் கோலம் போட்டார் என்பதும்தான் இந்தச் சேவைக்கு நான் கொடுக்கக்கூடிய முதல் சான்றிதழ்.

அதற்கு முதற்காரணம், அவர்கள் திசையைத் தேர்ந்தெடுத்திருக்கும் விதம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரிக் கரை அதைவிடத் தாழ்வு. சேலத்திலிருந்தே சைக்கிளில் புறப்பட்டால் போகும்போது பூப்போல உருண்டு போய்விடலாம். களைத்துப்போன மாலை நேரத்தில்தான் அத்தனை தாழ்வையும் திரும்ப ஏறவேண்டியிருக்கும். இவர்கள் அந்த இரண்டு பகுதிகளையும் வேனுக்குக் கொடுத்துவிட்டு, ஆறு ஓடும் திசையிலேயே, வடக்கிலிருந்து தெற்காக நம்மை ஓட்டவைக்கிறார்கள். டிசம்பரில் வீசும் வாடைக் காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளிக்கொடுக்கிறது. அம்மியே பறக்கும் ஆடி மாதத்தில் இதே சாலையில் மேற்கிலிருந்து குறுக்காகக் காற்று அடிக்கும் என்பதால், ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை பயணங்களையே வைத்துக்கொள்வதில்லை என்று சொன்னார்கள். வருமானத்தை விட்டுக்கொடுத்து எடுத்த அந்த முடிவு என் மதிப்பில் அவர்களை ஒரு படி உயர்த்தியது. வழி முழுக்கப் பலகைபோலச் சமதளம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஓடைகளைக் கடக்கும் இடங்களில் சின்னச் சின்ன இறக்கங்களும் ஏற்றங்களும் உண்டு. இறங்கித் தள்ளவேண்டிய ஏற்றம் என்று எனக்கு எதுவும் நினைவில்லை. அக்கா ஓரிடத்தில் இறங்கினார், அதுவும் எதிரே வந்த கரும்பு வண்டிக்கு வழிவிட.

சைக்கிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வாடகைச் சைக்கிளில்தான் பெரும்பாலான இடங்களில் ஏமாற்றம் தொடங்குகிறது. இங்கே கொடுப்பவை ஹைபிரிட் வகை. தாழ்ந்து வளைந்த பந்தயக் கைப்பிடி கிடையாது. நேரான ஹேண்டில் பார், 38 மில்லிமீட்டர் அகல டயர், முன்னால் மூன்றும் பின்னால் ஏழுமாகப் பல்சக்கரங்கள், கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக். ஒவ்வொரு சைக்கிளிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. முதல் நாளே தொலைபேசியில் உயரத்தைக் கேட்டுக்கொண்டு, அக்காவுக்குச் சிறிய சட்டம் கொண்ட நான்காம் எண் சைக்கிளை ஒதுக்கியிருந்தார்கள். மேட்டூரில் இறங்கியதும் வழிகாட்டியாக வந்த தம்பி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அக்காவை ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலின் மேல் வைத்துக் கீழ்நோக்கி மிதிக்கச் சொன்னார். பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது முழங்கால் நேராக வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது கால் லேசாக மடங்கி நிற்கும் என்பது அந்தச் சோதனையின் கணக்கு. "அக்கா, சீட்டு ஒசரமா இருக்கறாப்ல பயமா இருக்குதுங்களா? ஒரு அஞ்சு நிமிசம் ஓட்டிப் பாருங்க, அப்புறம் வேணும்னா எறக்கிக்கலாம்" என்றார். தரையில் இரு கால்களும் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்திக் கேட்பதுதான் புதியவர்கள் வழக்கம். அப்படித் தாழ்த்திக்கொண்டவர்களுக்குத்தான் பத்தாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது. அக்கா ஐந்து நிமிடம் ஓட்டினார், இறக்கச் சொல்லவில்லை.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெத்தைபோன்ற அகலமான ஜெல் சீட்டு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போன அக்கா, கெட்டியான சீட்டைக் கண்டு முதலில் முகம் சுளித்தார். மெத்தைச் சீட்டு கடைவீதிக்குப் போய்வர நன்றாகத்தான் இருக்கும். இருபது கிலோமீட்டர் தாண்டிவிட்டால், உட்காரும் இரண்டு எலும்புகளும் அந்த மெத்தைக்குள் அமிழ்ந்து, எடை முழுவதும் நடுவிலுள்ள மென்மையான சதையின் மேல் விழுந்து மரத்துப்போகும். கெட்டியான சீட்டு அந்த இரண்டு எலும்புகளை மட்டும் தாங்குகிறது. முதல் அரைமணி நேரத்து உறுத்தலுக்குப் பிறகு அக்கா சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கியரைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொடுத்ததும் சரியான அளவே: முன்னால் நடுப் பல்சக்கரத்திலேயே விட்டுவிடுங்கள், பின்னால் உள்ள ஏழை மட்டும் மாற்றுங்கள், கால் சுற்றுவது தையல் இயந்திரம் மிதிப்பதுபோல இலேசாக இருக்கவேண்டும், அழுத்தி மிதிக்கவேண்டிய நிலை வந்தால் உடனே குறைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்றே வாக்கியங்களில் முடித்துவிட்டார்கள். டயரில் காற்றை 50 பவுண்டு அளவில் வைத்திருந்தார்கள். கல்லுபோல நிரப்பினால்தான் வேகம் வரும் என்பது பலருடைய நம்பிக்கை. ஒட்டுப்போட்ட ஊர்ச் சாலையில் அப்படி நிரப்பினால் கைகளும் இடுப்பும்தான் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

பெண்களுக்கான சில விஷயங்களை அவர்கள் யோசிக்கத் தவறியிருக்கிறார்கள். ஹெல்மெட்டுகள் சுத்தமாக இருந்தன, ஆனால் கொண்டை போட்ட தலைக்கு எதுவும் பொருந்தவில்லை. அக்கா வேனிலேயே கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், கால்சட்டையின் வலதுபுற விளிம்பை மடித்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் புறப்பட்ட பிறகுதான் சொன்னார்கள். முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தியில் அனுப்பிவிடலாம். கழிப்பறை எங்கெங்கே உண்டு என்பதையும் அதே செய்தியில் சேர்ப்பது அவசியம். பூலாம்பட்டிக்கு முன்னால் ஒன்றுகூட இல்லாததால் அக்கா காலையில் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார். சைக்கிள் ஓட்டும் நாளில் அது உடம்புக்கு நல்லதல்ல.

ஆறரை மணிக்கு மேட்டூரிலிருந்து புறப்பட்டோம். 1925-இல் கட்டத் தொடங்கி 1934-இல் முடிக்கப்பட்ட அணையின் கீழே, அக்கரையில் பாலமலையின் விளிம்பில் வெளிச்சம் படிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து செக்கானூர் வரையிலான பகுதியில் ஆலைகளுக்குப் போகும் லாரிகளும் வேலைக்குப் போகும் இருசக்கர வாகனங்களும் உண்டு; அந்த ஒரு பகுதியைத்தான் நான் எளிது என்று சொல்லத் தயங்குவேன். வழிகாட்டித் தம்பி கடைசியிலும் அவருடைய நண்பர் முன்னாலும் வந்தது அங்கே பெரிய ஆறுதலாக இருந்தது. ஊர்ச் சாலைக்குள் திரும்பியபின் நிலைமை அப்படியே மாறிவிட்டது. மேட்டூர் அணையின் கிழக்குக் கரை வாய்க்கால் சாலையை ஒட்டியும் விலகியும் கூடவே வந்துகொண்டிருந்தது. கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் இரண்டுமாகச் சேர்ந்து 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாட்களுக்குத் தண்ணீர் விடுவார்கள். ஆகவே இந்தப் பயணத்துக்குப் போக நினைப்பவர்கள் டிசம்பர் 15-க்கு முந்தைய இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்: வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், வெயில் தணிந்திருக்கும், மஞ்சளும் கரும்பும் வாழையும் நின்று, நெல் அறுவடையும் தொடங்கியிருக்கும். மழைக்கான வாய்ப்பு இருக்கத்தான் செய்யும். எங்களுக்குப் பெய்யவில்லை, பெய்தால் பணத்தைத் திருப்பித் தராமல் வேறொரு தேதி தருவார்கள்.

வழியெங்கும் ஆறு ஏன் இவ்வளவு அகலமாக, அசையாமல் கிடக்கிறது என்று அக்கா கேட்டார். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று அடுத்தடுத்து நான்கு கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு கதவணையில் தேங்கும் தண்ணீர் முந்தைய கதவணையின் காலடிவரை ஏறி நிற்பதால், ஓடும் ஆறு இந்தப் பகுதியில் படிப்படியாக அடுக்கிவைத்த ஏரிகளைப்போல ஆகிவிட்டது. சமதளத்து ஆற்றில் கிடைக்கும் சிறிய உயர வேறுபாட்டைக்கூட வீணாக்காமல் பயன்படுத்தும் வேலை அது. செக்கானூர்க் கதவணையின் அருகே நின்று, கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிபோல நிற்கும் தண்ணீரையும் இந்தப் பக்கம் பாறைகளுக்கிடையே நுரைத்துப் போகும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் வழிகாட்டிகள் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் சொல்கிறார்கள், சரியாகவும் சொல்கிறார்கள். நான் இதை நிறையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஓயாமல் விளக்கிக்கொண்டே வரும் ஆளோடு ஆற்றங்கரையில் போவது எனக்குப் பிடிக்காது.

பூலாம்பட்டியை நெருங்குவதற்கு முன்பு என்னுடைய பின்சக்கரம் இறங்கிப்போனது. சீமைக் கருவேல முள். முள் ஏறுவது யார் குற்றமும் அல்ல; அடுத்து நடந்ததுதான் குறை. கருவிப் பையில் மாற்று டியூப் இருந்தது, டயரைக் கழற்றும் நெம்புகள் இருந்தன, கைப் பம்பும் இருந்தது. டியூபின் வால்வு மெல்லிய பிரெஸ்டா வகை. பம்போ மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற தடித்த வால்வுக்கானது. இரண்டையும் இணைக்கும் சிறிய பித்தளைத் திருகு முந்தைய பயணத்தில் எங்கோ விழுந்துவிட்டதாம். ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்து, சாலையோரத்துச் சைக்கிள் கடை ஒன்றை அடைந்தோம். கடைக்காரர் பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும். டியூபை மாற்றுவதற்கு முன், டயரின் உட்புறத்தை விரல்நுனியால் ஒரு சுற்று முழுவதும் தடவிப்பார்த்து, இரண்டாவதாக ஒரு முள் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துக் குறடால் பிடுங்கினார். அதை எடுக்காமல் போட்டிருந்தால் புது டியூபும் அடுத்த ஃபர்லாங்கில் போயிருக்கும். வால்டியூப் போட்ட சாதாரண சைக்கிளுக்கான அவருடைய கால் பம்பின் வாய் எங்கள் மெல்லிய வால்வையும் பிடித்துக்கொண்டது. பழைய டியூபை அலுமினியத் தட்டுத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டும் போட்டுக் கையில் கொடுத்தார். நாற்பது ரூபாய் வாங்கினார். அந்த ஒரு திருகு எட்டு சைக்கிளுக்கும் எட்டு இருக்கவேண்டியது என்று இளைஞர்களிடம் அப்போதே சொன்னேன். மறுப்பு எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டார்கள்.

பூலாம்பட்டியில் காலை உணவு இட்லியும் வடையும். சூடாக இருந்தன, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து விசைப்படகில் சைக்கிள்களை ஏற்றி ஆற்றைக் கடந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கி, கதவணைப் பாலத்தின் வழியாகத் திரும்பி வருகிறோம். படகோட்டி சைக்கிள்களை ஒன்றின் ஹேண்டில் பார் அடுத்ததன் சீட்டுக்குப் பக்கத்தில் வரும்படி தலைமாற்றி அடுக்கிய நேர்த்தியைப் பார்க்கவேண்டும். எட்டும் சேர்ந்து ஒரே பொருள்போல அசையாமல் நின்றன. ஆண்டுதோறும் கதவணையில் பராமரிப்புப் பணி நடக்கும்போது தேக்கிய தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அந்த நாட்களில் படகு ஓடாது. முன்பதிவு செய்யும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, இந்தப் பயணத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் பகுதிக்கு வருகிறேன். ஆறும் வயலும் எல்லோரும் காட்டுவார்கள். இவர்கள் பகல் ஓய்வுக்கு, ஆற்றங்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரின் மாதா கோயிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காவிரியின் இந்தப் பக்கத்துக்குக் கிறித்தவம் நேற்று வந்ததல்ல. தத்துவ போதகர் என்று தமிழில் அறியப்படும் இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தவர். சேலம் மறைமாவட்டம் தனியாக அமைந்தது 1930-இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் இப்பகுதியின் சிற்றூர்களில் எழுந்த கோயில்களில் பல, பெரிய கோபுரம் இல்லாதவை, சுண்ணாம்பு அடித்தவை, வெளியூர்க்காரர்கள் பெயர் அறியாதவை. சேலம் நான்கு ரோட்டிலுள்ள குழந்தை இயேசு பேராலயத்தைப் பார்த்தே பழகிய எனக்கு, ஒரு தென்னந்தோப்பின் அளவே இருக்கும் வளாகத்தில் நின்ற இந்தக் கோயில் வேறொரு அனுபவமாக இருந்தது.

நாங்கள் போனபோது அங்கே கிறிஸ்துமஸ் குடில் வேலை நடந்துகொண்டிருந்தது. கோயில் முற்றத்தில் நான்கைந்து சிறுவர்கள் அன்று காலையில் களத்திலிருந்து கொண்டுவந்த புது வைக்கோலைப் பிரிபிரியாகத் திரித்துக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். அறுவடை வயலின் வாசம் அதில் அப்படியே இருந்தது. ஒருவன் மாதா சிலை வைத்த குகை மாடமான கெபிக்குப் பக்கத்துப் புங்கமரத்தில் ஏறி, காகிதம் ஒட்டிய மூங்கில் நட்சத்திரத்தைக் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தான். கோயில் பணிகளைக் கவனிக்கும் உபதேசியார் எங்களை வரவேற்றுத் தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கொடுத்தார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவரே எழுந்துபோய், சுவரில் உள்ள ஆணியில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து மணி அடித்தார். மூன்று அடி, சற்று நிறுத்தம், மறுபடியும் மூன்று, நிறுத்தம், மறுபடியும் மூன்று. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று நாளுக்கு மூன்றுமுறை சொல்லப்படும் மூவேளைச் செபத்துக்கான மணி அது. கூரை வேய்ந்துகொண்டிருந்த சிறுவர்கள் வைக்கோலைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். எதிர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் நிமிர்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் அந்த மணியைக் கேட்டு மதியச் சோற்றுக்குக் கரையேறினார்கள். கயிறு பிடித்துப்பிடித்து அந்தச் சுவரில் ஓரடி நீளத்துக்குச் சுண்ணாம்பு தேய்ந்து உள்ளேயிருந்த செங்கல் வழவழப்பாகத் தெரிந்ததை அக்காதான் கவனித்துக் காட்டினார். சேலத்தில் கன்னியர் பள்ளியில் படித்தவர் அவர்; அந்த மணியின் இடைவெளிகள் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. கடைசி மூன்று அடிக்குப் பிறகு வரும் தொடர்மணியை அது தொடங்கும் முன்பே விரலால் தாளமிட்டுவிட்டார்.

இந்த நிறுத்தத்தை அவர்கள் நடத்தும் முறையும் மரியாதையானது. வளாகத்துக்கு வெளியிலேயே சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும், ஹெல்மெட்டையும் காலணியையும் கழற்றவேண்டும், திருப்பலி நடந்தால் படம் எடுக்கக்கூடாது, சிறுவர்களுக்குக் காசு கொடுக்கக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். கோயில் பராமரிப்புக்கென்று ஒவ்வொரு பயணத்திலிருந்தும் ஒரு தொகையை அவர்களே உண்டியலில் செலுத்துகிறார்கள். ஊரின் ஒரு வழிபாட்டு இடத்தைச் சுற்றுலாக் காட்சியாக மாற்றிவிடாமல் விருந்தினராகப் போய்வரும் இந்தப் பழக்கம் நீடிக்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். பயணிகள் எண்ணிக்கை எட்டைத் தாண்டினால் இது நிலைக்காது என்பதால், அந்த எண்ணிக்கையை அவர்கள் உயர்த்தவே கூடாது என்பதும் என் கருத்து.

இதே இடத்தில் ஒரு கண்டிப்பான குறையையும் சொல்லவேண்டும். இவர்களுடைய விளம்பரத் தாளில் 'நீருக்குள் நிற்கும் பழைய தேவாலயம்' என்று ஒரு வரியும் படமும் இருக்கின்றன. அது மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் பண்ணவாடியில் இருக்கும் இரட்டைக் கோபுரக் கிறித்தவ ஆலயம். அணை கட்டியபோது அங்கிருந்த மக்கள் வெளியேற, அந்த ஆலயமும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் நீருக்குள் நின்றுவிட்டன. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது 80 அடியை ஒட்டிக் குறையும்போதுதான் ஆலயத்தின் கோபுரம் தலைகாட்டும். இன்னும் குறைந்தால் நந்தி சிலையும் தெரியும். நாங்கள் போனபோது அணையில் நீர் நிறைந்து நின்றது. கோபுரம் தெரிவதற்கு வழியே இல்லை. அதுமட்டுமல்ல, பண்ணவாடி அணைக்கு மேற்புறம், கொளத்தூர் வழியாகப் போகவேண்டிய இடம். அணைக்குக் கீழே தொடங்கும் இந்தச் சவாரியில் அது வரவும் வராது. நீர் குறைந்த கோடையில் மட்டும் வேனில் அங்கே அழைத்துப்போய்க் காட்டுகிறார்களாம். அந்த ஆலயத்தை மனதில் வைத்தே அக்கா இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டார் என்பதால் எனக்கு வருத்தமாகவே இருந்தது. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. முன்பதிவு செய்பவரிடம் இன்றைய மட்டம் இவ்வளவு, ஆகவே இம்முறை கோபுரம் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்வதில் என்ன சிரமம் இருக்கிறது? விளம்பரத்தில் அந்தப் படத்துக்குக் கீழே 'கோடையில் மட்டும்' என்று அச்சிடுவதாக இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மதிய உணவு ஒரு தோட்டத்து வீட்டில். காவிரி மீன் குழம்பும், சைவம் உண்பவர்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பும், கட்டித் தயிரும். மீன் குழம்பில் புளி சற்றுத் தூக்கலாக இருந்தது; களைத்த நாக்குக்கு அது பிடித்தே இருந்தது. உண்ட பிறகு ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு. இளைஞர்களாக இருந்தும் அந்த ஓய்வை அவர்கள் வலியுறுத்துவது பாராட்டத்தக்கது.

பிற்பகல் பகுதி முற்பகலைவிட எளிது. வாகனங்கள் மிகக் குறைவு. வாழைத் தோட்டங்களின் நிழல் பாதிச் சாலையை மூடியிருக்கிறது. தேவூருக்கு அருகே சரபங்கா நதி காவிரியில் கலக்கிறது. நம் சேர்வராயன் மலையில் பிறந்து, ஓமலூரையும் எடப்பாடியையும் கடந்து வரும் ஆறு அது. சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக்குப் போகும்போது தலைக்கு மேல் பார்க்கும் அந்த மலையின் தண்ணீர் வந்துசேரும் இடம் இதுதான் என்று தெரிந்தபோது, அக்கா பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் ஐந்து நிமிட நிறுத்தத்தையாவது பயணத் திட்டத்திலேயே சேர்க்கலாம். இப்போது கேட்பவர்களுக்காக மட்டுமே நிற்கிறார்கள்.

கல்வடங்கத்தில் ஆற்றுப் படித்துறையில் பயணம் முடிகிறது. இரண்டே முக்காலுக்கு நாங்கள் வந்துசேர்ந்துவிட்டோம். மூன்று மணிக்கு வரவேண்டிய வேன் மூன்றே முக்காலுக்குத்தான் வந்தது. ஓட்டுநர் வேறொரு வாடகைக்குப் போய்விட்டு வந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஆற்றங்கரை என்பதால் எங்களுக்குக் காத்திருப்பது பெரிதாகத் தெரியவில்லை. சேலத்தில் மாலை ரயில் பிடிக்கவேண்டிய ஒருவர் குழுவில் இருந்தார், அவர் பட்ட தவிப்பு நியாயமானது. மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். வேனில் சைக்கிள்களை அடுக்குவதற்குப் படகோட்டியிடம் இவர்கள் பாடம் கேட்கலாம். என்னுடைய சைக்கிளின் மட்கார்டு அக்காவின் சைக்கிள் போக்ஸ் கம்பியில் சிக்கி, சேலம் வந்ததும் கோட்டம் எடுக்கவேண்டியதாயிற்று.

சைக்கிளுக்கும், திசைக்கும், அந்த மாதா கோயில் நிறுத்தத்துக்கும் நான் முழு மதிப்பெண் தருவேன். கருவிப் பைக்கும் வேனுக்கும் பாதிதான். கொடுத்த பணம் வீணாகவில்லை. அக்காவைப் போன்றவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மே மாதத்தில் நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்கினால் உடனே சொல்லவேண்டும் என்று அக்கா அவர்களிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அப்போதும் அதே நான்காம் எண் சைக்கிள்தான் வேண்டும், சீட்டு உயரத்தை மாற்றாமல் ஒரு பேனாக் கோடு போட்டுவைத்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தத் தம்பி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டுக் கம்பியில் எங்கள் கண்ணெதிரே கோடு போட்டார்.